ஒரே டீமில் ஆடிய பிள்ளைகள்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "உங்க வேலையைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார்கள். நான் ஷூ கம்பெனிகளுக்கு மெஷின் நிறுவிக் கொடுக்கிற வேலையில் இருப்பவன். லாஸ்டிங் மெஷினைப் பற்றி நான் இருபது நிமிஷம் பேசினால், முன் வரிசையில் இருக்கிற எங்க மெக்கானிக்கல் பேட்ச் ஆட்களே எழுந்து பிரியாணி தயாரா என்று பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் வேறு ஒரு விஷயம் பேச அனுமதி கேட்டுக்கொண்டேன். ஆரம்பப் பள்ளியில் இருக்கிற விளையாட்டு பீரியடைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. எனக்கு அந்த பீரியடில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1997 ஜனவரி. நான் அப்போது நான்காம் வகுப்பு. படித்தது பக்கத்து ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். என் வகுப்பில் தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள், உருது பேசுகிற வீட்டுப் பிள்ளைகள், சித்தூர் பக்கத்து உறவுள்ள தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் இருந்தோம். என் அப்பா ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் எனக்கு ஒரு பேட் வாங்கிக் கொடுத்தார். பேட் வைத்திருக்கிறவன்தான் கேப்டன் என்பது உலகம் முழுவதும் உள்ள சட்டம். நானும் கேப்டன் ஆனேன்.

கேப்டன் ஆனதும் ஆள் எடுக்க வேண்டும். ஒருத்தன் எனக்கு, ஒருத்தன் உனக்கு என்று எடுத்துக்கொண்டே வந்தோம். கடைசியில் ஒரு பையன் மிச்சம். அவன் அப்பா டேனரியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு எடுக்கிற வேலை செய்தார். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அவன் வேணாம். அவன் மேல நாத்தம் அடிக்குது."

சொன்னேன். அவ்வளவுதான். அவன் ஒன்றும் பேசவில்லை. சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

எங்க வீட்டில் பொங்கிய சோறும் அதே நாத்தத்தில் இருந்துதான் வந்தது. அவன் அப்பா கையால் தொட்டதை என் அப்பா பேனாவால் எழுதினார், அவ்வளவுதான் வித்தியாசம். இது எனக்கு எட்டு வயதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த வார்த்தையை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கேயோ பெரியவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் சொன்னேன். அதுதான் முக்கியம். எட்டு வயதுக்குள் அது எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்க வகுப்பு டீச்சர் அதைக் கேட்டுவிட்டார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. மறுநாள் விளையாட்டு பீரியடில் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். "இனிமே கேப்டன் ஆள் எடுக்க வேணாம். ஒற்றைப்படை ரோல் நம்பர் எல்லாம் இந்தப் பக்கம், இரட்டைப்படை எல்லாம் அந்தப் பக்கம்" என்றார். அடுத்த மாதம் கணக்கை மாற்றினார். ஐந்தால் வகுத்து மீதி பார்த்து ஐந்து குழு பிரித்தார். எங்களுக்கு வகுத்தலும் வந்தது, டீமும் வந்தது. நானும் அந்தப் பையனும் ஒரே டீம். அவன்தான் எங்கள் வகுப்பிலேயே நல்லா கேட்ச் பிடிப்பவன் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்தது.

பந்து மேலே போனால் எங்கள் டீமில் ஒரே நேரத்தில் மூன்று சத்தம் கேட்கும். "பிடி!" என்று ஒருத்தன், "பகடோ!" என்று ஒருத்தன், "பட்டுக்கோ!" என்று ஒருத்தன். பிடிக்கிறவனுக்கு மூன்றும் புரியும். மொழிப் பாடம் எடுக்க யாரும் வரவில்லை. பந்து கீழே விழுவதற்குள் புரிந்தாக வேண்டும், அதனால் புரிந்தது.

அந்த ஜனவரியில் பொங்கலும் ரம்ஜான் நோன்பும் ஒரே மாதத்தில் வந்தன. குடியரசு தின விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தோம். எங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பையன்கள், "நாங்களும் நோன்பு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். மற்றவர்கள் குழாயடியில் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தோம். அப்படிக் குடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. டீச்சர் மட்டும் ஓட்டப்பந்தயத்தைக் காலை முதல் பீரியடுக்கு மாற்றிவிட்டார். சாயங்காலம் அந்தப் பையன்கள் தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். பொங்கல் அன்றைக்கு எங்க வீட்டுக் கரும்பு, நோன்பு திறந்த பிறகு தின்ன, அவர்கள் வீட்டுக்குப் போனது. சமூக நல்லிணக்கம் என்ற வார்த்தை அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரே டீம் என்பதுதான்.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்?

நம்ம ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவில், பாலாற்று ஓரத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் மேல்விஷாரம். 2019-ல் ராணிப்பேட்டை மாவட்டம் பிறக்கும் வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தோம். தோல் வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள், பதனிட வந்தவர்கள், ஷூ தைக்க வந்தவர்கள் என்று எல்லா ஊர்க்காரர்களும் கலந்த பூமி இது. இந்தத் தோல் தொழிலில் சம்பாதித்த பணத்தைக் கல்விக்குக் கொடுத்தவர் நம்ம ஊரில் பிறந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப். சென்னை சென்ட்ரல் அருகே இருக்கிற சித்தீக் சராயைப் பார்க்கிறபோதெல்லாம், எங்க ஊர்க்காரர் கட்டினது என்று கூட வருகிறவர்களிடம் சொல்லாமல் எனக்கு இருக்க முடியாது. மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1918-ல் தொடங்கப்பட்டது. அவர் பெயரில் கலைக் கல்லூரி 1965-லும், பொறியியல் கல்லூரி 1998-லும் வந்தன. நான் 2005-ல் உள்ளே வந்து 2009-ல் வெளியே போனவன். இங்கே எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தோம், படிக்கிறார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் இங்கே வந்தபோது நாம் ஏற்கெனவே பிரிந்துதான் வந்தோம். ஆம்பூர்ப் பசங்க ஒரு பக்கம், வாணியம்பாடி ஒரு பக்கம், குடியாத்தம் ஒரு பக்கம், ஆற்காடு ஒரு பக்கம். கிரிக்கெட் மேட்ச் என்றால் ஊருக்கு ஊர். ஜெயித்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு எதிர் டீம்காரன் முகத்தில் விழிக்க மாட்டோம். விளையாட்டு நட்பை வளர்க்கும் என்று எல்லா விழா மேடையிலும் சொல்கிறோமே, அப்படியென்றால் எங்களிடம் ஏன் வளரவில்லை?

இதற்கு ஒரு ஆராய்ச்சி பதில் சொல்கிறது. மேட் லோ என்கிற பொருளாதார ஆய்வாளர் 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் கிரிக்கெட் லீக் நடத்தினார். பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்கள் ஆய்வில் இருந்தார்கள். சிலரை ஒரே சாதி டீமில் போட்டார், சிலரைக் கலந்த டீமில் போட்டார், சிலரை லீக்கில் சேர்க்கவே இல்லை. யார் எதில் என்பதைக் குலுக்கல் மாதிரி முடிவு செய்தார். முடிவு 2021-ல் வெளிவந்தது. ஒரே டீமில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். வேறு சாதிக்காரர்களை எதிர் டீமாக மட்டும் சந்தித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சில அளவுகோல்களில் விலகல்தான் கூடியது.

அதாவது, விளையாட்டு தானாக யாரையும் சேர்த்து வைப்பதில்லை. டீமை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் டீச்சர் எந்த ஆராய்ச்சியும் படிக்காமல், கையில் ஒரு வருகைப் பதிவேட்டோடு இதைச் செய்துவிட்டார்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். ஈராக்கில், ஐ.எஸ். அமைப்பின் கொடுமையால் ஊரை விட்டு ஓடிய கிறிஸ்தவர்களின் கால்பந்து டீம்களில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து சல்மா மூசா என்பவர் ஓர் ஆய்வு செய்தார். 2020-ல் வெளிவந்தது. கலந்த டீமில் ஆடிய கிறிஸ்தவர்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம் ஆட்டக்காரர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அவர்கள் பெரியவர்கள். காயம் பட்ட பிறகு சேர்ந்தவர்கள். நம்ம பிள்ளைகளுக்கு இன்னும் அந்தக் காயம் படவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். நம்ம தொழில் பாஷையில் சொன்னால், வெட் ப்ளூ நிலையில் இருக்கிற தோலை எப்படி வேண்டுமானாலும் ஆக்கலாம். சாயம் ஏற்றி, பாலிஷ் போட்டு, ஷூவாகவும் தைத்த பிறகு அதை வேறு ஒன்றாக ஆக்க முடியுமா?

அப்படியானால் அந்த வயதில் விளையாட்டை நடத்த யார் இருக்கிறார்கள்? இதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுச் சாமான் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் என்று அதே அட்டவணை பேசுவது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒரு ஆளை அது கேட்கவே இல்லை. மைதானம் உண்டு, பந்து உண்டு, ஆட்டம் நடத்த ஆள் இல்லை. ஐந்து பாடமும் எடுக்கிற அதே டீச்சர்தான் விசிலும் ஊத வேண்டும். நோட்டுத் திருத்த நேரம் போதாதபோது எந்த பீரியடை முதலில் விடுவார்கள் என்று நமக்குத் தெரியாதா? அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு ஆள் எத்தனை வேலைதான் பார்ப்பது?

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நம்ம பிள்ளைகளின் 60 நிமிஷம் இப்போது செல்போனில் போகிறது.

சேர்ந்து சாப்பிடுவதை நம் மாநிலம் எப்போதோ புரிந்துகொண்டது. 1920-லேயே சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள். காமராஜர் 1956-ல் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவுத் திட்டமும் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் போனது. ஒரே பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள் பசி மட்டுமா மறந்தார்கள்? பக்கத்து இலை யாருடையது என்பதையும் சேர்த்து மறந்தார்கள். சேர்ந்து சாப்பிடுவதற்கு இத்தனை பேர் யோசித்தார்கள். சேர்ந்து ஆடுவதற்கு நாமாவது யோசிக்கக் கூடாதா?

ஷூ ஊர்க்காரன் என்பதால் ஒரு கதை சொல்கிறேன். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி பிரான்ஸோடு ஆடியது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். கேப்டன் டாலிமரென் ஆவோ, நாகா மலையில் இருந்து வந்தவர், டாக்டருக்குப் படித்தவர். பின்வரிசையில் வங்காளத்து சைலேன் மன்னா. முன்வரிசையில் பெங்களூர்க்காரர்கள் அகமது கானும் சாரங்கபாணி ராமனும். ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டியையும் தவறவிட்டார்கள். 2-1 என்று தோற்றோம். ஆனால் அந்த அணியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வீட்டுச் சாப்பாடு இன்னொருவருக்குத் தெரியாது, ஒருவர் தாய்மொழி இன்னொருவருக்குப் புரியாது. நாடு பிரிந்த காயம் ஆறுவதற்கு முன்னால் அவர்கள் ஒரே டீமாக நின்றார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், காமன்வெல்த் பளு தூக்கும் போட்டியில் 2014-ல் 328 கிலோவும் 2018-ல் 317 கிலோவும் தூக்கி இரண்டு தங்கம் வாங்கினார். நம்ம மண்ணில் பலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்பது பதக்கம் இல்லை. நூறு பிள்ளைகளில் ஒருத்தர் பதக்கம் வாங்குவார். மிச்சம் தொண்ணூற்று ஒன்பது பேரும் இதே ஊரில் பக்கத்து பக்கத்து வீட்டில் வாழப் போகிறவர்கள். நான் அவர்களுக்காகக் கேட்கிறேன்.

இன்ஜினியர் என்பதால் திட்டம் இல்லாமல் பேசினால் எனக்குத் தூக்கம் வராது. சங்கத்தின் முன் நான் வைக்கிற யோசனைகள் இவை:

1. சுற்று வட்டாரத்தில் நான்கைந்து ஆரம்பப் பள்ளிகளோடு பேசுவோம். தலைமை ஆசிரியர் அனுமதியோடு, வகுப்பு டீச்சர் கூட இருக்க, வாரத்துக்கு ஒரு மணி நேரம் நம்மில் இரண்டு பேர் போய் விளையாட்டு நடத்துவோம். இன்றைய மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டம் மூலமாக வரலாம். மாணவிகள் கட்டாயம் வர வேண்டும். நான்காம் வகுப்பில் ஓடிய பெண் பிள்ளை எட்டாம் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள். ஓடுகிற அக்காவை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

2. டீம் ரோல் நம்பர்படி. தெருப்படி கிடையாது, ஊர்ப்படி கிடையாது, மீடியம்படி கிடையாது. மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். பேட் வைத்திருப்பவனுக்குக் கேப்டன் பதவி இல்லை. கேப்டனும் முறை வைத்து மாறும்.

3. செலவில்லாத ஆட்டங்கள் போதும். கோ-கோவுக்கு இரண்டு கம்பமும் சுண்ணாம்புக் கோடும்தான் தேவை. சடுகுடுவுக்கு அதுவும் வேண்டாம். நாம் சடுகுடு என்கிறோம், மராத்தியர் ஹுதுது என்கிறார்கள், வங்காளிகள் ஹாடுடு என்கிறார்கள். பெயர் எதுவானாலும் மூச்சு ஒன்றுதான். 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்ந்த ஆட்டம் அது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் இந்திய ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் ஜெயித்தன. நம்ம புழுதி ஆட்டம் எதுவும் சின்னது இல்லை.

4. விளையாட்டு நாள் குறிக்கிறபோது எல்லா வீட்டுக் காலண்டரையும் பார்த்துக் குறிப்போம். நோன்பு மாதம், பொங்கல், கிறிஸ்துமஸ், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் எல்லாம் பார்த்து. இது யாருக்கும் சலுகை இல்லை. எல்லாப் பிள்ளையும் களத்தில் இருக்க வேண்டும் என்றால் செய்கிற சாதாரண ஏற்பாடு.

5. பரிசுக் கோப்பை வாங்காதீர்கள். அதற்குப் பதில் கயிறு, பந்து, சுண்ணாம்புப் பொடி, தண்ணீர் டிரம், முதலுதவிப் பெட்டி வாங்குவோம். சால்வை வாங்குகிற காசில் பாதி போதும். இன்றைக்கு எனக்குப் போட்ட சால்வையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"வாரம் ஒரு மணி நேரத்தில் ஊர் மாறிடுமா?" என்று கேட்பீர்கள். மாறாது. ஈராக் ஆய்வும் அதைத்தான் சொல்கிறது. மைதானத்தில் பழகியது மைதானத்துக்கு வெளியே வர, வீடும் தெருவும் பள்ளிவாசலும் கோயிலும் சர்ச்சும் சேர்ந்து கை கொடுக்க வேண்டும். ஆனால் மைதானத்திலேயே பழகாதவன் வெளியில் எங்கே பழகுவான்?

கடைசியாக, நான் முதலில் சொன்ன கணக்கு. அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டான். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. ஒன்றரை வருஷம் ஒரே டீமில் ஆடினோம். அவன் பிடித்த கேட்சுக்கெல்லாம் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். ஆனால் "அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புடா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. ஷூ கம்பெனிகளுக்கு மெஷின் நிறுவப் போகிற ஒவ்வொரு இடத்திலும் என் வயசு ஆட்களின் முகத்தை ஒரு தடவை பார்ப்பேன். இதுவரைக்கும் கிடைக்கவில்லை.

அவனுக்குச் சொல்ல முடியாததை, அவனை மாதிரி சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குச் செய்ய நினைக்கிறேன். வருகிற வாரத்தில் இருந்து நான் வருகிறேன். என் பெயரை முதல் ஆளாக எழுதிக்கொள்ளுங்கள். கூட இன்னொரு பெயர் வேண்டும். விழா முடிந்ததும் வாசல் மேஜையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடப் போவதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்.